கத்தரியும் கருந்தாளும்

ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர் லோட்டே ரைனிகர். கருந்தாளைக் கத்தரித்து உருவங்கள் ஆக்குவது அந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவந்த இல்லக்கலை. அக்கலை அவருக்கு இளமையிலேயே கைவந்தது. நாடகப் பள்ளியில் பயின்றபோது நடிகர்களின் நிழலுருவங்களை வெட்டிக் கொடுப்பார். அவற்றைக் கண்டு வியந்த நடிகர் பால் வேகனர், 1918இல் தம் திரைப்படம் ஒன்றில் அவருக்கு வாய்ப்பளித்தார். அப்படத்தில் உயிருள்ள எலிகள் சொன்னபடி ஓட மறுத்தன. எனவே மர எலிகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தனர். ரைனிகரின் வாழ்வுக்கு வழிகாட்டியவை அம்மர எலிகளே எனலாம்.

1921இல் திரைக்கலைஞர் கார்ல் கோக்கை மணந்தார். இரண்டாண்டுகளுக்குப்பின் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு நாளுக்குநாள் சரிந்தது. அதற்கு அஞ்சிப் படச்சுருள்களை வாங்கிவைத்திருந்த வங்கியாளர் லூயி ஹாகன், அவற்றைக்கொண்டு முழுநீளப் படமொன்றை எடுக்குமாறு ரைனிகரிடம் கேட்டார். அசைவூட்டப் படம் என்றாலே சில நிமிடங்கள் சிரிக்கவைக்கும் துணுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. ஆயினும் ரைனிகர் துணிந்தார். பொட்ஸ்டாம் நகரில் அவ்வங்கியாளரின் மகிழுந்துக் கொட்டகைக்கு மேலிருந்த அறையே படப்பிடிப்புக்கூடம் ஆயிற்று.

கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத்தகட்டிலும் தலை, தோள், கை, விரல் எனத் தனித்தனியே வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்தார். கீழிருந்து ஒளியூட்டப்பட்ட கண்ணாடி மேசைமீது உருவத்தைக் கிடத்தி, மயிரிழையளவு நகர்த்தி, மேலிருந்த படக்கருவியால் ஒரு படம்; மீண்டும் நகர்த்தி மற்றொரு படம். கண்ணாடித் தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்சிக்கு ஆழமும் தந்தார். இவ்வாறு மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 2,50,000 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 96,000 அளவே பயன்பட்டன. ஆயிரத்தோரு இரவுக் கதைகளைத் தழுவிய 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' 1926இல் வெளிவந்தது. வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' திரைக்கு வந்ததோ 1937இல்தான். இன்று நமக்குக் காணக் கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மூத்தது ரைனிகருடையதே.

நாஜிகளின் ஆட்சி அவருக்கு ஒவ்வவில்லை. 1930களின் நடுவில் கணவருடன் நாட்டைவிட்டு வெளியேறினார். எந்த நாடும் நிலையான குடியுரிமை தரவில்லை. நுழைவிசைவு முடியுந்தோறும் வேறொரு நாட்டுக்குப் பெயர்ந்தனர். நோயுற்ற தாயைப் பேணுவதற்காகவே போர்க்காலத்தில் பெர்லின் திரும்பினார். 1945இல் அந்நகரில் நிகழ்ந்த அழிவில் அக்மத் படத்தின் மூலச்சுருள் மறைந்தது. நல்லூழாகப் பிரிட்டனில் ஒரு படி எஞ்சியிருந்தது. இன்று உலகம் காண்பது அதிலிருந்து மீட்கப்பட்ட படமே.

போருக்குப்பின் இலண்டனில் குடியேறிய ரைனிகருக்கு அங்கொரு பழைய உறவு காத்திருந்தது. பொட்ஸ்டாமில் அவர் படமெடுத்ததைச் சிறுவனாக வேடிக்கை பார்த்த வங்கியாளரின் மகன், நாஜிகளின் வதைமுகாமிலிருந்து விடுபட்டு இங்கிலாந்து வந்திருந்தார். இருவரும் இணைந்து 1950களில் சிண்ட்ரெல்லா முதலிய குழந்தைக் கதைகளைக் குறும்படங்களாக்கினர். இல்லத்தார் ஒருங்கே அமர்ந்து தொலைக்காட்சியில் அவற்றைக் கண்டுகளித்தனர். அவற்றுள் ஒரு படம் 1955இல் வெனிஸ் விழாவில் பரிசும் பெற்றது.

1963இல் கணவரை இழந்த ரைனிகர் பல்லாண்டுகள் படமெடுக்காதிருந்தார். பின்னர்க் கனடா நாட்டின் அழைப்பை ஏற்று, எழுபது வயதைக் கடந்த நிலையில் மீண்டும் கத்தரியைக் கையிலெடுத்தார். 1981இல் மறைந்தார். அவர் வெட்டிய உருவங்கள் பல ஜெர்மனியின் டியூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவ்வுருவங்களில் கம்பி பிணைத்த மூட்டுகளை இன்றும் காணலாம்.