தாரில் விளைந்த விந்தை

விண்ணிற் பாயும் உந்துகணைகளை வியந்து போற்றுகிறோம். அவற்றின் திண்ம எரிபொருளுக்கு வழிவகுத்த ஜாக் பார்சன்ஸ் என்பாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1914 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்த இவர், பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைசெய்தே இரசாயனத்தைக் கற்றுத் தேர்ந்தார். 1936 இல் இளமைத் தோழர் எட் போர்மனுடனும், பிராங்க் மலினா என்னும் பட்டப்பின்படிப்பு மாணவருடனும் கூடி உந்துகணை ஆராய்ச்சியில் இறங்கினார்.

1941 இல் இவர்கள் செய்த உந்துகணைகள் சிறு விமானமொன்று விரைந்து மேலெழ உதவின. ஆயினும் ஒரு குறை இருந்தது. இறுக்கி அடைத்த மருந்து சில நாட்களிற் பிளவுபட்டது. பிளவினுள் தீப் புகுந்தால் எரியும் பரப்புப் பெருகும், வாயு மிகும், கலம் வெடித்துச் சிதறும்.

1942 இல் பார்சன்ஸ் புதுவழி கண்டார். உருக்கிய தாரிற் பொற்றாசியம் பேர்குளோரேற்றுத் தூளைக் கலந்து வார்த்தார். தூள் ஒட்சிசனை ஈந்தது, தார் எரிபொருளாயிற்று, அதன் நெகிழ்ச்சி பிளவைத் தடுத்தது. எரிந்தபோது பொற்றாசியம் குளோரைட்டு அடர்ந்த வெண்புகையாய் வெளிவந்தது. பிற்காலத்தில் தாருக்குப் பதில் இறப்பர் போன்ற பொருள்களும், பொற்றாசியம் உப்புக்குப் பதில் அமோனியம் பேர்குளோரேற்றும் வந்தன. 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்ணோடங்களின் திண்ம உந்துகணைகளில் அலுமினியத் தூளும் சேர்ந்தது. அவற்றின் புகையில் அலுமினியம் ஒட்சைட்டும் ஐதரசன் குளோரைட்டும் இருந்தன. கலந்து வார்க்கும் முறை மட்டும் மாறவில்லை.

1952 யூன் 17 இல் தம் இல்லத்து ஆய்வறையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் பார்சன்ஸ் மாண்டார். அப்போது வயது 37. சந்திரனின் மறுபக்கத்துப் பள்ளமொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பட்டத்தை நாடிப் படிக்கும் நாம், பட்டமின்றியும் அறிவு துலங்கும் என்பதை இவர் வாழ்விற் காண்கிறோம். தேர்ந்த கையையும் வெடிமருந்து பொறுப்பதில்லை என்பதை இவர் முடிவிற் காண்கிறோம். ஊக்கத்தோடு விழிப்பும் நம்மிடம் வளர்வதாக.