டாக்டர் வில்லியம் கோலி

வில்லியம் கோலி, அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் 1862ஆம் ஆண்டு பிறந்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 1888இல் பட்டம் பெற்று, நியூயார்க் நகரில் அறுவை மருத்துவரானார்.

அந்நாளில் எலும்புப் புற்றுநோயுற்ற பதினேழு வயது நங்கை ஒருத்தி அவரிடம் வந்தாள். கையை வெட்டி நீக்கியும் நோய் உடலெங்கும் பரவியது. 1891 சனவரியில் அவள் உயிர் நீத்தாள். அத்துயரம் கோலியின் நெஞ்சை உலுக்கியது. கத்தியால் மட்டும் இந்நோயை வெல்ல இயலாது என உணர்ந்த அவர், மருத்துவமனையின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டலானார்.

கழுத்தில் புற்றுக்கட்டி கொண்டு, பலமுறை அறுவை செய்தும் குணமடையாத ஒருவரை, எரிசிபெலஸ் என்னும் தொற்றுநோய் பற்றியது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் மறைந்தது. இச்செய்தியைப் படித்த கோலி, ஏழை மக்கள் வாழும் தெருக்களில் தேடியலைந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் நலமுடன் இருந்த அம்மனிதரைக் கண்டார். கிருமியை எதிர்த்தெழுந்த உடலின் ஆற்றல் புற்றையும் அழிக்கவல்லது என்று கருதினார்.

ஆகவே, உயிருள்ள கிருமிகளை நோயாளிகளின் உடலில் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலரோ அக்கிருமியாலேயே இறந்தனர். தம் தவற்றை உணர்ந்த கோலி, கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு மருந்து செய்தார். 1893இல் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் நலம் பெற்றான்.

எனினும் அம்மருந்து எல்லார்க்கும் ஒருபடித்தாகப் பயன்படவில்லை. அது செயற்படும் முறையையும் அவரால் விளக்க இயலவில்லை. எக்ஸ் கதிர்களும் ரேடியமும் வந்தபின், மருத்துவர் பலர் அதனைக் கைவிட்டனர். 1936இல் கோலி மறைந்தார். தந்தையின் குறிப்புகளைப் பொறுமையுடன் தொகுத்த அவர் மகள் ஹெலன், 1953இல் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

நோய் எதிர்ப்பாற்றலைத் தடுக்கும் தளைகளை நீக்கிப் புற்றுநோயைத் தீர்க்கலாம் எனக் காட்டிய அறிஞர் இருவர், 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். கணையப் புற்றுநோய் அம்முறைக்கும் எளிதில் இணங்குவதன்று. அது முற்றிய நிலையில், வேதிமருந்து, கதிர்வீச்சு, எதிர்ப்பாற்றல் மருத்துவம் ஆகிய மூன்றையும் இணைத்து அறிஞர்கள் சோதித்து வருகின்றனர். ஒரு நாள் ஒன்றுக்கொன்று போட்டியாய் நின்றவை, இன்று துணைப்படைகளாய்ச் சேர்ந்து போரிடுகின்றன. ஒரு நங்கையின் மரணத்தை விதியென விட்டுவிடாத உள்ளமே இவ்வழிக்கு வித்திட்டது.