யாரும் இல்லாத ஒரு கல்லறை

நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆறு மாதம் அங்கே போய்த் தங்கிவருவது நம்மில் பலருக்கும் பழகிவிட்டது. அடுத்த முறை போகும்போது வாஷிங்டன் நகரத்தில் கேபிடல் என்னும் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்ப்பீர்கள். அதன் பெரிய குவிமாடத்துக்கு நேர் கீழே, இரண்டு தளம் இறங்கினால், ஓர் அறை இருக்கிறது. முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனை அடக்கம் செய்வதற்காகக் கட்டியது. ஆனால் அவர் அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வாஷிங்டன் 1732இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது. 17 வயதில் நில அளவையாளர் வேலைக்குப் போனார். பிறகு படையில் சேர்ந்து, 1754இல் 22 வயதில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றுச் சரணடைந்தார். ஆம், அவருடைய தொடக்கம் ஒரு தோல்வி!

1775இல் ஆங்கிலேயரை எதிர்த்த அமெரிக்கப் படைக்குத் தளபதியானார். வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. பலருக்குக் காலில் செருப்புகூட இல்லை. 1776 கிறிஸ்துமஸ் இரவில், பனிக்கட்டி மிதந்த டெலவேர் ஆற்றைப் படகில் கடந்து எதிரியைத் திடீரென்று தாக்கி வென்றார். 1781இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை அவரிடம் சரணடைந்தது. அதே கார்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்தவர்.

போர் முடிந்தபோது படை வாஷிங்டன் கையில் இருந்தது. மக்களிடம் பேரும் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் அரியணையில் ஏறிவிடுவதுதான் வழக்கம். அவரோ 1783 டிசம்பர் 23 அன்று தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பண்டிகைக்கு வீடு போய்ச் சேர்ந்தார். 1789இல் ஜனாதிபதியானார். இரண்டு முறை இருந்தார். மூன்றாவது முறை வேண்டாமென்று 1797இல் மீண்டும் ஊருக்கே திரும்பினார். நம் சங்கத்துக்குச் செயலாளர் தேடி அலைகிற நமக்கு இது பெரிதாகத் தோன்றாது! ஆனால் ஒரு நாட்டையே கையில் வைத்திருந்தவர் தானாக இறங்கிப் போனது அன்றைய உலகத்துக்குப் புதிது.

அவர் ஊர் மவுண்ட் வெர்னான், பொடோமாக் ஆற்றங்கரையில். 1799 டிசம்பரில் பனியிலும் மழையிலும் குதிரையில் பண்ணையைச் சுற்றிவந்தவருக்குத் தொண்டை வீங்கியது. மருத்துவர்கள் அக்கால வழக்கப்படி திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். டிசம்பர் 14 அன்று காலமானார். வயது 67.

உடலைத் தலைநகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாடாளுமன்றம் விரும்பியது. மனைவி மார்த்தாவும் சம்மதித்தார். ஆனால் கட்டடம் முடியப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் 1830இல், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவன் கோபத்தில் பழைய கல்லறைக்குள் புகுந்து வாஷிங்டனின் மண்டையோட்டைத் திருட முயன்றான். வேறு யாருடையதையோ எடுத்துப் போனான்! அதன் பிறகு, உயிலில் அவர் குறித்திருந்த இடத்திலேயே 1831இல் செங்கல்லால் புதிய கல்லறை எழுந்தது. மறு ஆண்டு அவருடைய நூறாவது பிறந்த நாளுக்காக நாடாளுமன்றம் மீண்டும் கேட்டபோது, உயிலைக் காரணம் காட்டி அன்றைய வீட்டு உரிமையாளர் மறுத்துவிட்டார். கேபிடலில் உள்ள அறை இன்றும் காலி.

ஆகவே மவுண்ட் வெர்னானுக்குப் போங்கள். இரும்புக் கதவுக்குள் இரண்டு சலவைக்கல் பெட்டிகள். ஒன்றில் அவர், மற்றதில் மார்த்தா. பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். சற்றுத் தள்ளி மரங்களுக்கிடையே அந்தப் பண்ணையின் அடிமைகளைப் புதைத்த இடம் இருக்கிறது. அந்தக் குழிகளின் மேல் பெயர் எழுதிய கற்கள் இல்லை.

1799இல் அங்கே இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். ஜனாதிபதியாக இருந்தபோது 1796இல் தப்பியோடிய ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண்ணைப் பிடித்துவர ஆள் அனுப்பியவரும் இவர்தான். அவள் அகப்படவில்லை. கடைசியில் தன் 123 பேரையும் மனைவிக்குப் பின் விடுவிக்கும்படி உயில் எழுதினார். மார்த்தா காத்திருக்காமல் 1801 ஜனவரி முதல் நாளே விடுவித்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவரின் சொத்தாக இருந்ததால் அவருடைய வாரிசுகளுக்குப் போனார்கள். பல குடும்பங்கள் பிரிந்தன.

பதவியை விட அவருக்கு மனம் வந்தது. அடிமைகளை விட வாழ்நாள் முடியும்வரை வரவில்லை. அங்கே போனால் இரண்டு இடத்திலும் சற்று நேரம் நின்று வாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பள்ளியில் அவர்கள் படிக்கும் பெயர்தானே.