ஆபிரகாம் பண்டிதர்

ஆபிரகாம் பண்டிதர் (ஆகஸ்ட் 2, 1859 - ஆகஸ்ட் 31, 1919) தமிழிசை ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரும் சித்த மருத்துவரும் ஆவார். தமிழிசை பற்றிய பெருநூலான கருணாமிர்த சாகரத்தை இயற்றியவர்.

பெயர்

ஆபிரகாம் என்பது எபிரேய மொழி ஆண்பாற் பெயராகும். விவிலியத்தின் ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தின்படி ஆபிராம் என்பவரின் பெயரை இறைவன் ஆபிரகாம் என மாற்றினார். ஆபிராம் என்பதற்கு உயர்ந்த தந்தை என்பது பொருள். திரளான மக்களுக்குத் தந்தை என்பது ஆபிரகாம் என்பதற்கு அவ்வதிகாரம் தரும் விளக்கமாகும். எபிரேயத்தில் 'ஆப்' என்னும் சொல் தந்தையைக் குறிக்கும். பெயரின் பிற்பகுதியின் சொற்பிறப்பு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்பெயரின் அரபு வடிவம் இப்ராஹீம் ஆகும். திருநெல்வேலிப் பகுதிக் கிறித்தவர்களிடையே விவிலியப் பெயர் சூட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. பண்டிதர் என்பது மருத்துவப் புலமையால் அவர் பெயருடன் சேர்ந்த சிறப்புப் பெயராகும்.

வாழ்க்கை

தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களுக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்குப் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே பணியாற்றினார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியைச் சந்தித்து, அவரிடம் மூலிகை மருத்துவம் பயின்றார். அவர் நினைவாகவே தம் மருந்துகளுக்கும் நூலுக்கும் பெயரிட்டார். பின்னர் தஞ்சாவூரில் குடியேறி, ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். மூலிகைகளுக்காகப் பெரிய தோட்டம் ஒன்றையும் அமைத்தார்.

இசை ஆய்வு

மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசை ஆய்வுக்குச் செலவிட்டார். 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் கலந்துகொண்டு தம் ஆய்வை எடுத்துரைத்தார். அவருடைய மகள்கள் அங்கு பாடிக் காட்டினர்.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், ஒரு தாயியில் 22 சுருதிகள் எனக் கூறுகிறது. பண்டிதர் இதனை மறுத்தார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் சான்றாகக் கொண்டு, ஆயப்பாலையில் 12 அரைச்சுரங்களும் வட்டப்பாலையில் 24 அலகுகளும் அமையும் என வாதிட்டார். இக்கணக்கை அனைவரும் ஏற்கவில்லை. எனினும் கருநாடக இசையின் வேர்களைப் பழந்தமிழ் இலக்கியத்தில் தேடும் ஆய்வுக்கு அவருடைய உழைப்பு வழிவகுத்தது.

கருணாமிர்த சாகரத்தின் முதற் பகுதி 1917இல் வெளியானது. இரண்டாண்டுகளில் பண்டிதர் காலமானார். இரண்டாம் பகுதி அவர் மறைவிற்குப் பின், 1946இல் வெளிவந்தது.