நெடியின் காரணம் தேடிய அறிஞர்

ஜெர்மனியின் மெட்சிங்கன் என்னும் சிற்றூரில் 1799ஆம் ஆண்டு கிறிஸ்டியன் பிரீட்ரிக் ஷோன்பைன் பிறந்தார். தந்தை துணிகளுக்குச் சாயமிடும் தொழிலாளி. குடும்பம் வறுமையில் வாடியதால், ஷோன்பைன் இளம் வயதிலேயே மருந்து செய்யும் தொழிலகம் ஒன்றில் வேலை பழகச் சென்றார். அங்கு வேதியியலைத் தாமே முயன்று கற்றார். பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியராக உயர்ந்தார்.

1839இல் நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தபோது, ஒரு நெடி எழுவதை அவர் உணர்ந்தார். மின்னல் தாக்கிய இடத்தில் எழும் நெடியை அது ஒத்திருந்தது. நெதர்லாந்து அறிஞர் வான் மாரும் 1785இலேயே அந்நெடியை அறிந்திருந்தார். ஆயினும், அதனை மின்சாரத்தின் நெடி என்றே கருதினார். ஷோன்பைனோ, அது தனியொரு பொருளின் நெடி என உணர்ந்தார். மணத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு, 1840இல் அதற்கு ஓசோன் எனப் பெயரிட்டார். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இணைந்ததே ஓசோன் என்பதை 1865இல் சோரே என்பவர் கண்டறிந்தார்.

ஷோன்பைன் 1868இல் மறைந்தார். ஓசோன் நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும்; பின்பு தானே ஆக்சிஜனாக மாறிவிடும். ஆதலால், 1906இல் பிரான்சின் நீஸ் நகரில் குடிநீரைத் தூய்மையாக்க அதனைப் பயன்படுத்தலாயினர். வானில் உயரே ஓசோன் படலம் இருப்பதை ஃபாப்ரி, புய்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் 1913இல் உறுதிசெய்தனர். கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது அப்படலமே. இவற்றைக் காண ஷோன்பைன் உயிருடன் இல்லை. எனினும், பிறர் ஆராயாது விட்ட ஒரு நெடியின் காரணத்தை அவர் தேடியதே இவற்றுக்கெல்லாம் முதற்படி ஆயிற்று.