அலெக்சாந்திரியாவின் ஆசிரியை ஹைபேஷியா

கேத்திரகணித வகுப்பிலே யூக்கிளிட்டின் தேற்றங்களை மனனம் செய்து, கரும்பலகைக்கு முன் நின்று நிறுவிக் காட்டிய நினைவு எம்மில் பலருக்கு இருக்கும். அந்தத் தேற்றங்கள் யூக்கிளிட்டின் கையிலிருந்து நேரே எம்மிடம் வந்தவையல்ல. அவருக்கு அறுநூறு வருடங்களுக்கு மேல் பிந்தி, அதே அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தியோன் என்னும் ஆசிரியர் தம்முடைய மாணாக்கருக்காகச் செப்பஞ்செய்த பதிப்பையே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகம் படித்து வந்தது. ஹைபேஷியா அந்தத் தியோனின் மகள்.

எகிப்தின் கடற்கரையில் இருந்த அலெக்சாந்திரியா அக்காலத்தில் உரோமப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. கிரேக்கர், எகிப்தியர், யூதர், கிறிஸ்தவர், பழைய தெய்வங்களை வணங்குவோர் எல்லோரும் அங்கே ஒரே தெருக்களில் வாழ்ந்தனர். தியோன் கி.பி. 364இல் ஒரு சூரிய கிரகணத்தையும் ஒரு சந்திர கிரகணத்தையும் அவதானித்துக் குறித்து வைத்தவர். கிரகணம் பிடிக்கும் நேரத்தை முன்கூட்டியே கணிப்பதும், பிடித்தபின் கணக்கு எவ்வளவு பிசகியது என்று பார்ப்பதும் அந்த வீட்டுக்குப் புதியவை அல்ல. அப்படியான வீட்டில் வளர்ந்த மகள், கணிதத்தில் தந்தையையும் விஞ்சினார் என்று அக்கால வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். தந்தையிடம் கற்ற கணிதத்தோடு நில்லாமல் பிளேட்டோவின் வழிவந்த தத்துவத்தையும் கற்றுத் தேர்ந்தார்.

பின்னர் அவர் கற்பிக்கத் தொடங்கினார். தத்துவ அறிஞர் அணியும் முரட்டு மேலாடையைப் போர்த்துக்கொண்டு நகரின் நடுவே சென்று, கேட்க வந்தவர்களுக்கு பிளேட்டோவையும் அரிஸ்டோட்டிலையும் விளக்கினார். நகரத்து அதிகாரிகள் முக்கிய விடயங்களில் அவருடைய ஆலோசனையை நாடி வீட்டு வாசலுக்கு வந்தனர். ஆண்கள் நிறைந்த சபையில் கூச்சமின்றி நின்று பேசினார் என்பதை எழுதியவர்கள், அதை வியப்புடனேயே எழுதியிருக்கின்றனர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம்மீது காதல் கொண்ட மாணாக்கன் ஒருவனை அவர் எப்படித் தெளியவைத்தார் என்று ஒரு கதை உண்டு. அதை இம்மலரில் எழுத எனக்குத் துணிவில்லை. தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அவருடைய வகுப்பறையைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் ஒரு மாணாக்கரின் புண்ணியத்தால். இன்றைய லிபியாவிலுள்ள சைரீன் நகரத்தைச் சேர்ந்த சினீசியஸ், 390களில் அலெக்சாந்திரியாவுக்கு வந்து அவரிடம் பயின்றார். ஊர் திரும்பிய பின்னும் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதை அவர் விடவில்லை. எஞ்சியிருக்கும் அவருடைய கடிதங்களில் ஏழு ஹைபேஷியாவுக்கு எழுதப்பட்டவை. ஒன்றிலே தாம் எழுதிய நூல்களை அனுப்பி, வெளியிடலாமா வேண்டாமா என்று அவருடைய தீர்ப்பைக் கேட்கிறார். இன்னொன்றில் ஒரு கருவியைச் செய்வித்துத் தரும்படி வேண்டுகிறார். நீரில் நிமிர்ந்து மிதக்கும், பக்கத்தில் அளவுக்கோடுகள் கீறிய, அடியில் பாரம் வைத்த குழாய் அது. எமது ஆய்கூடத்து நீரமானியைத் தொட்டுப் பார்த்தவர்கள் அந்த விவரணையை வாசித்தவுடனேயே இனங்கண்டுகொள்வார்கள். வான்பொருள்களின் நிலையைக் காணும் அஸ்ட்ரோலேப் கருவியின் அமைப்பையும் சினீசியஸ் தம் ஆசிரியையிடமே கற்றார். அத்தகைய ஒன்றைச் செய்வித்துக் கொன்ஸ்தாந்திநோபிளில் ஒருவருக்குப் பரிசாகவும் கொடுத்தார்.

இந்தச் சினீசியஸ் பிற்காலத்தில் தொலமாயிஸ் என்னும் நகரின் கிறிஸ்தவ ஆயரானார். ஆசிரியையோ கிறிஸ்தவர் அல்லர். இருவருக்குமிடையே அது ஒரு தடையாக இருக்கவில்லை. அவருடைய வகுப்பில் கிறிஸ்தவரும் மற்றையோரும் சேர்ந்தே இருந்தனர். சினீசியஸ் தம் மூன்று புதல்வர்களையும் பறிகொடுத்தார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபடியே ஆசிரியைக்குச் சொல்லி எழுதுவித்த கடிதமொன்று இருக்கிறது. அதில் அவரைத் தாயென்றும் சகோதரியென்றும் ஆசிரியையென்றும் அழைக்கிறார். ஹைபேஷியா எழுதிய பதில்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. 413ஆம் ஆண்டளவில் சினீசியஸின் கடிதங்களும் நின்றுவிடுகின்றன. அடுத்து நடந்ததை அவர் காணாமற் போனதை ஒரு பேறென்றே நான் எண்ணுகிறேன்.

412இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் தெயோபிலஸ் காலமானார். அடுத்தவர் யார் என்பதில் தெருச்சண்டை மூண்டு, அவருடைய மருமகன் சிரில் ஆயரானார். அரசின் சார்பில் நகரை ஆண்ட ஆளுநர் ஒரெஸ்தெஸ். அவரும் கிறிஸ்தவரே. நகரில் யாருடைய சொல் செல்லவேண்டும் என்பதே இருவருக்குமிடையே இருந்த வழக்கு. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே நடந்த கலகத்தின் பின், சிரில் யூதரை நகரிலிருந்து விரட்டினார்; ஆளுநர் சீற்றம் கொண்டார். நித்திரியா மலைத் துறவிகள் ஐந்நூறு பேரளவில் நகருக்குள் இறங்கினர். அவர்களுள் ஒருவன் எறிந்த கல் ஆளுநரின் தலையைப் பிளந்தது. எறிந்தவன் சித்திரவதையில் மாண்டான். ஆயர் அவனைத் தியாகியாகக் கொண்டாட முயன்றார். சமரசத்துக்கான வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

ஒரெஸ்தெஸ் அடிக்கடி ஹைபேஷியாவைச் சந்தித்து ஆலோசனை கேட்பவர். இருவரையும் ஒன்றுசேரவிடாமல் தடுப்பவர் அந்தப் பெண்தான் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அவர் சூனியக்காரி, கருவிகளாலும் மந்திரத்தாலும் ஆளுநரை மயக்கி வைத்திருக்கிறார் என்ற பேச்சு, இருநூற்றைம்பது வருடங்களுக்கு மேல் கழிந்தும் எகிப்திய ஆயர் ஒருவரின் நூலில் அப்படியே பதிவாகியிருக்கிறது. கிரகணம் கணிக்கத் தெரிந்த பெண்ணைப்பற்றி இவ்வாறு கதைகட்டுவது எவ்வளவு இலகு என்று பாருங்கள்.

415ஆம் ஆண்டு மார்ச் மாதம், தவக்காலம். வீடு திரும்பிக்கொண்டிருந்த அவருடைய வண்டியை, பேதுரு என்ற தேவாலய வாசகன் தலைமையில் ஒரு கும்பல் மறித்தது. அவரைக் கீழே இழுத்து, சீசரியம் என்னும் தேவாலயத்துக்குக் கொண்டுபோய், ஓட்டுத்துண்டுகளால் கொன்றார்கள். உடலைச் சிதைத்து, நகரின் வேறோரிடத்தில் எரித்தார்கள். இதைவிட விரிவாக எழுதியவர்கள் உண்டு, இவ்வளவு போதும்.

கொலையைப் பதிவுசெய்து, அது ஆயருக்கும் அந்நகரத் திருச்சபைக்கும் பெரும் இழுக்கைக் கொண்டுவந்தது என்று துணிந்து எழுதியவர், சோக்கிரத்தீஸ் என்னும் கிறிஸ்தவ வரலாற்றாசிரியரே. ஏதென்சின் தத்துவஞானியான சோக்கிரத்தீஸ் வேறு. இவர் கொன்ஸ்தாந்திநோபிளில் வாழ்ந்தவர். இந்த வரலாற்றை மதச்சண்டையாக மட்டும் சொல்பவர்கள் அவரையும் சினீசியஸையும் மறந்துவிடுகின்றனர். மறுவருடம் பேரரசின் சட்டமொன்று ஆயரின்கீழ் இருந்த பராபலானி என்னும் பணியாளரின் தொகையை ஐந்நூறாகக் கட்டுப்படுத்தியது. ஒரெஸ்தெஸைப்பற்றி அதற்குப்பின் செய்தியே இல்லை. சிரில் மேலும் முப்பது வருடங்கள் அளவில் ஆயராக இருந்தார்.

அலெக்சாந்திரியாவின் பெரு நூலகம் எரிந்ததோடு ஹைபேஷியாவின் மரணத்தையும் முடிச்சுப் போடும் கதை இன்று பரவலாக உண்டு. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981ஆம் ஆண்டை மறவாத எமக்கு அந்தக் கதை மனதில் இலகுவாகத் தைத்துவிடும். ஆனால் அந்தப் பெரு நூலகம் அவர் பிறப்பதற்கு முன்பே அழிந்து தேய்ந்துபோயிருந்தது. அவர் காலத்தில் இடிக்கப்பட்டது செராப்பிஸ் தெய்வத்தின் கோயில். 391ஆம் ஆண்டளவில் அது நடந்தது. அதன்பின்னும் இருபது வருடங்களுக்கு மேல் அவர் கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய முகமும் எமக்குத் தெரியாது. நாம் காணும் படங்களெல்லாம் பிற்கால ஓவியரின் கற்பனை.

அவர் எழுதியவை உரைகள். டயோபண்டஸின் அட்சரகணித நூலுக்கும், கூம்பு வெட்டுகள் பற்றிய அப்பலோனியஸின் நூலுக்கும் உரை எழுதினார். தம் பெயரில் புதுநூல் படைக்காமல், கடினமான பழைய நூலை அடுத்த வகுப்பு விளங்கிக்கொள்ளும்படி எழுதித் தருவது ஆசிரியரின் வேலை. அதையே அவர் செய்தார். அவ்வுரைகள் அவர் பெயரோடு எஞ்சவில்லை. டயோபண்டஸின் பதின்மூன்று பாகங்களில் ஆறு மட்டும் கிரேக்கத்தில் தப்பியதற்கு, அவற்றுக்கு ஹைபேஷியாவின் உரை இருந்ததே காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

தியோனின் நூலொன்று மட்டும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொலமியின் வானியல் நூலான அல்மகெஸ்டுக்குத் தியோன் எழுதிய உரையில், மூன்றாம் பாகத்தின் தலைப்பிலே, இந்தப் பதிப்பைத் தம் மகளும் தத்துவ அறிஞருமான ஹைபேஷியா பார்த்துத் திருத்தினார் என்று தந்தை ஒரு வரி எழுதிச் சேர்த்திருக்கிறார். அந்த வரி இன்றுவரை எஞ்சியிருக்கிறது.