கருத்துக் கூறாத அரங்கம்

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியா போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். மக்களின் பிரதிநிதிகள் எவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. தம் நாடு யாரோடு போரிடுகிறது என்பதை இந்தியர்கள் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அயலுறவு என்பது ஆள்வோரின் தனியுடைமையாக இருந்த காலம் அது. அந்நாளில், உலக நடப்பைப் பொதுமக்களும் கேட்டறிந்து வினவுவதற்கு ஓர் அரங்கம் வேண்டும் என்று உழைத்தவர்களுள் முன்னின்றவர், பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு.

அவர் 1887இல் பிறந்தார். தந்தையார் அயோத்தியாநாத், தொடக்ககாலக் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர். 1909இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்த குன்ஸ்ரு, பொதுப்பணியையே வாழ்க்கையாகக் கொண்டார். கோகலேவுக்குப்பின் சங்கத்திற்குத் தலைமையேற்றவர் தஞ்சைத் தரணியின் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார். 1936இல் அப்பொறுப்பு குன்ஸ்ருவிடம் வந்தது. இதற்கு முன்பே, 1929இல், கிழக்காப்பிரிக்க இந்தியர்களின் காங்கிரசிற்குத் தலைமை தாங்க அவர் அங்குச் சென்றிருந்தார். கடல்கடந்து வாழும் எளிய வணிகரின் நிலவுரிமையும் வாக்குரிமையும் இலண்டனில் எடுக்கப்படும் முடிவுகளைச் சார்ந்திருந்தன. உலக அரசியல் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தில்லியில் உலக விவகாரங்களை ஆராயும் கழகம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஆனால், அதில் ஆங்கிலேய அதிகாரிகளின் செல்வாக்கே மேலோங்கியிருந்தது. எனவே 1943 நவம்பரில், தேஜ் பகதூர் சாப்ருவும் குன்ஸ்ருவும் பிற அறிஞர்களும் அரசு சாராத அமைப்பாக, உலக விவகாரங்களுக்கான இந்தியப் பேரவையை நிறுவினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அரசியல் அறிஞர் அப்பாதுரை அதன் செயலாளரானார். இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதியவரும் அவரே. 1945 முதல் பேரவை காலாண்டிதழ் ஒன்றையும் வெளியிட்டது.

பேரவையின் விதி ஒன்று குறிப்பிடத்தக்கது. எந்தவொரு சிக்கலிலும் பேரவை தன் கருத்தென எதையும் வெளியிடாது. மேடையில் கூறப்படுவதும் இதழில் எழுதப்படுவதும் கூறியவர், எழுதியவர் கருத்துகளே. நாடே கொந்தளித்திருந்த காலத்தில் இது கோழைத்தனமாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆயினும், அரங்கமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுபக்கத்தார் பேச வருவரா? வந்தாலும் மனம் திறப்பரா? மாறுபட்ட கருத்துடையோரை ஒரே கூரையின்கீழ் அமர்த்த அவ்விதியே துணைநின்றது.

அதன் வலிமை 1947இல் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை, தில்லியின் பழைய கோட்டையில் ஆசிய உறவுகள் மாநாட்டைப் பேரவை நடத்தியது. இந்தியா இன்னும் விடுதலை பெறவில்லை. வடநாட்டிலோ வகுப்புக் கலவரத் தீ அணையவில்லை. அந்நிலையில் அரசு சாராத ஓர் அமைப்பு ஆசிய நாடுகளைத் தன் முற்றத்திற்கு அழைத்தது. சரோஜினி நாயுடு தலைமை வகித்தார். நேரு தொடங்கி வைத்தார். நிறைவு நாள்களில் காந்தியடிகள் உரையாற்றினார். இனச்சிக்கல், குடிபெயர்வு, பொருளாதார வளர்ச்சி, பெண்கள் நிலை எனப் பலவும் குழுக்களில் ஆராயப்பட்டன. எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை. திபெத்தைத் தனிநாடாகக் காட்டிய வரைபடத்தைச் சீனப் பேராளர்கள் எதிர்த்தனர், அது திருத்தப்பட்டது. விருந்தினரை அழைப்பது எளிது. அவர்களுக்கிடையே நடுநிலை காப்பது அரிது.

விடுதலைக்குப்பின் குன்ஸ்ரு பேரவையின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். பாரகம்பா சாலையில் எழுந்த அதன் கட்டடம் சாப்ரு இல்லம் எனப் பெயர் பெற்றது. தலைநகரில் அயலுறவு குறித்த சொற்பொழிவுகளுக்கு அது நிலையான இடமாயிற்று. ஆனால், பேரவைக்குக் கருத்தில்லை என்பதால் அதன் தலைவருக்கும் கருத்தில்லை என்பதன்று. மாநிலங்களவையில் எக்கட்சியும் சாராத உறுப்பினராக இருந்த அவர், சீன எல்லைச் சிக்கலில் அரசை நேர்நின்று வினவினார். சாப்ரு இல்லத்தில் பிறர் பேச இடமளித்தார். அவையில் தாம் பேசினார். இரண்டையும் அவர் கலந்ததில்லை.

1955இல் பன்னாட்டு ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளியைப் பேரவை தொடங்கியது. பின்னாளில் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இவற்றுக்கிடையே மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் உறுப்பினராகவும், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் முதல் தேசிய ஆணையராகவும் குன்ஸ்ரு பணியாற்றினார். இன்று பள்ளிகளில் அணிவகுக்கும் தேசிய மாணவர் படைக்கு வித்திட்டதும் அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையே.

1968இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. குடியரசு நாட்டில் அரசு பட்டங்கள் வழங்கலாகாது என்று அரசியல் நிர்ணய மன்றத்தில் வாதிட்டவர் அவர். இருபது ஆண்டுகள் கழித்து அப்பட்டம் தம் வாயிலுக்கே வந்தபோதும் அவர் நிலை மாறவில்லை. விருதைப் பணிவுடன் மறுத்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1978இல், தொண்ணூறாம் அகவையில் மறைந்தார்.